இரும்புக் கையும் இரக்க நெஞ்சமும்



கடந்த கோடை விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தார்கள். மூலையில் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே நகையோ நிலப் பத்திரமோ இருக்கும் என்று ஆவலோடு திறந்தால், அத்தனையும் பழுப்பேறிய படக்கதைப் புத்தகங்கள்! அவளுடைய தாத்தா மாணவராக இருந்தபோது, நம் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்துக் கடையில் காசு சேர்த்து வாங்கியவையாம். ஒரு புத்தகத்தின் மேலட்டையில் இரும்புக் கை ஒன்று அந்தரத்தில் நின்றது. உடலைக் காணோம்!

பள்ளி திறந்ததும் அவள் அவற்றைப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம். பின்னால் வந்து நின்ற எங்கள் அறிவியல் ஆசிரியையை நாங்கள் கவனிக்கவே இல்லை.

"என்ன பிள்ளைகளா, பாடப் புத்தகத்தை இவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததே இல்லையே!"

"சிஸ்டர், இது இவளுடைய தாத்தா புத்தகம், சிஸ்டர்" என்று எழுந்து நின்றோம். புத்தகம் பறிபோய்விடும் என்றே நினைத்தோம். சிஸ்டரோ அதை வாங்கி நாலைந்து பக்கங்கள் புரட்டிவிட்டுச் சிரித்தார்கள்.

"இந்த மாயாவியை எனக்கும் தெரியும். என் அண்ணன் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிப்பான். சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. இவனுடைய வீரம் எங்கே இருக்கிறது? கையிலா, நெஞ்சிலா? தேடிப் படித்து, யோசித்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஆண்டு மலரில் போடலாம்."

எளிய கேள்வி என்றுதான் எண்ணினோம். நூலகத்தில் தேடினோம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டோம். தேடத் தேட, அந்தக் கேள்வி எங்களிடையே நடந்த ஒரு சம்பவத்தைக் கிளறிவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் மாயாவியின் கதையைக் கேளுங்கள்.

மாயாவி யார்?

1972-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' என்னும் படக்கதை இதழ் வெளிவரத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் திரு. எம். சௌந்தரபாண்டியன் அவர்கள். முதல் இதழின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர், தமிழ்ச் சிறுவர்களுக்கு ஒரு புதிய வீரனையும் தந்தது.

இவ்வீரன் பிறந்த ஊர் உண்மையில் இங்கிலாந்து. 1962-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 'வேலியன்ட்' என்ற வார இதழில்தான் அவன் முதன்முதலாகத் தோன்றினான். கதையை முதலில் எழுதியவர் கென் புல்மர். பின்னர் எழுதியவர் டாம் டல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. வெளிச்சமும் நிழலும் கலந்த அவருடைய கோடுகளைப் பார்த்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

கதை இதுதான். லூயிஸ் கிராண்டல் என்பவன் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து, எஃகினால் செய்த கையைப் பொருத்திக்கொண்டவன். ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் வெடித்து, கடுமையான மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. அவன் சாகவில்லை. உடல் மறைந்துவிடுகிறது! எஃகுக் கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அன்று முதல் மின்சாரம் பாயும்போதெல்லாம் அவன் மறைந்துவிடுவான்.

இப்படி ஒரு சக்தி கிடைத்தவுடன் அவன் என்ன செய்தான்? ஏழைகளுக்கு உதவினானா? பகைவரை எதிர்த்தானா? இல்லை. திருடத் தொடங்கினான்! தன்னை யாரும் பார்க்க முடியாது என்ற எண்ணமே அவனைக் கெடுத்தது. ஊரையே அஞ்சவைத்தான். பிற்பாடுதான் மனம் திரும்பினான். 'நிழற்படை' என்னும் இரகசியப் படையில் சேர்ந்தான். விபரீதமான கருவிகளைக் கண்டுபிடித்து உலகை அச்சுறுத்தும் கயவர்களை எதிர்த்துப் போராடும் வீரனானான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திருடனாக இருந்தபோதும் அதே கை. வீரனாக ஆனபோதும் அதே கை. அதே மின்சாரம்தான். அப்படியானால் மாறியது எது?

அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டு தோன்றிய 'அயர்ன் மேன்' என்ற இரும்பு மனிதனின் கதையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அவன் ஆயுதங்கள் செய்து விற்கும் பெருஞ்செல்வன். 2008-இல் வந்த திரைப்படத்தில், தன் தொழிற்சாலையின் பெயர் பொறித்த ஆயுதங்களே பயங்கரவாதிகளின் கையில் இருப்பதைக் கண்டு அவன் திகைத்துப் போகிறான். சிறைப்பட்ட இடத்தில் இரும்புக் கவசம் செய்து அணிந்துகொண்டு தப்புகிறான். தன் கை செய்த பொருள் யார் கைக்குப் போகிறது என்று எண்ணிப் பார்க்காத குற்றத்துக்குத் தன் உயிரையே பணயம் வைத்துக் கழுவாய் தேடுகிறான்.

கிணற்று வெடியும் கடல் வழிகாட்டியும்

"இதெல்லாம் வெறும் கதைதானே?" என்று கேட்கலாம். ஆனால் நல்ல கருவி கெட்டவன் கையில் சிக்குவது அன்றாடம் நடப்பதே.

நம் மாவட்டத்தின் பல கிராமங்களில் சில அடி தோண்டினாலே பாறை தட்டும். கடப்பாரையால் அதை உடைத்து முடியாது. பாறையில் துளையிட்டு, வெடி வைத்துத் தகர்த்துத்தான் கிணறு வெட்டுவார்கள். ஊற்றுக்கண் திறந்து நீர் சுரக்கும்போது ஊரே கூடி மகிழும். இப்படிப் பாறையை உடைக்கவும் சுரங்கப் பாதை அமைக்கவும் பயன்படும் வெடிமருந்தைப் பாதுகாப்பாகக் கையாள வழி கண்டவர் சுவீடன் நாட்டு ஆல்பிரட் நோபல். தொட்டால் வெடிக்கும் நைட்ரோகிளிசரின் திரவத்தை, நுண்துளைகள் நிறைந்த ஒருவகை மண்ணில் ஊறவைத்து 'டைனமைட்' ஆக்கினார். 1867-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வெடிபொருள் போருக்கும் கொலைக்கும் பயன்பட்டதை உலகம் கண்டது. 1895-இல் எழுதிய உயிலில் நோபல் தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பரிசுகளுக்காக ஒதுக்கினார். அவற்றுள் சமாதானத்துக்கான பரிசும் ஒன்று.

இன்னோர் எடுத்துக்காட்டு. நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரியிலும் கடலுக்குச் செல்லும் மீனவர்கள் இன்று கையில் ஒரு சிறு கருவியை எடுத்துச் செல்கிறார்கள். வானில் சுற்றும் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் நேரத்தைச் சைகைகளாக அனுப்புகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சைகைகள் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, தான் இருக்கும் இடத்தை அந்தக் கருவி சொல்லிவிடும். இதுவே ஜி.பி.எஸ். கரை தெரியாத இருட்டில் எத்தனையோ தந்தையரை அது வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

அதே கருவியை வைத்துக்கொண்டுதான் 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் 10 பயங்கரவாதிகள் கடல் வழியாக மும்பைக்குள் நுழைந்தார்கள். வழியில் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றினார்கள். செயற்கைக்கோள் தொலைபேசியும், இணையத்தின் வழியே பேசும் வசதியும் அவர்களிடம் இருந்தன. அவர்களை ஏவியவர்கள் தொலைவில் அமர்ந்து, தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டே கட்டளைகள் இட்டார்கள். 166 உயிர்கள் பறிபோயின. திரைப்படத்தில் இரும்பு மனிதன் தோன்றிய அதே ஆண்டில் நடந்த கொடுமை இது. ஆனால் மும்பைக்கு வானத்திலிருந்து எந்த இரும்பு மனிதனும் பறந்து வரவில்லை.

நூலால் நெய்த கவசம்

அப்படியானால் உண்மை உலகில் கவசமே இல்லையா? உண்டு. அதன் கதை பெண்களாகிய நமக்குப் பெருமை தருவது.

காவலர்களும் படைவீரர்களும் அணியும் குண்டு துளைக்காத அங்கி இரும்புத் தகட்டால் மட்டுமே ஆனது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அதன் அடிப்படை நூல்! 'கெவ்லார்' என்னும் அந்த இழையை 1965-இல் கண்டுபிடித்தவர் ஸ்டெபானி குவோலெக் என்ற அமெரிக்கப் பெண் வேதியியலாளர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர். அதற்குப் பணம் சேர்ப்பதற்காக 1946-இல் டூபான்ட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலையே பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். ஒருநாள் அவர் தயாரித்த கரைசல் வழக்கம்போல் தெளிவாக இல்லாமல் கலங்கலாக இருந்தது. வேறொருவராக இருந்தால் கொட்டியிருப்பார். இழை நூற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவரும், "அடைத்துக்கொள்ளும்" என்று தயங்கினார். குவோலெக் விடவில்லை. நூற்றுப் பார்த்தபோது கிடைத்த இழை, அதே எடையுள்ள எஃகைவிட 5 மடங்கு வலிமை உடையதாக இருந்தது.

இது எப்படிக் குண்டைத் தடுக்கிறது? நம் மாவட்டத்து ஆரணியில் பட்டுத்தறியைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் புடவை உறுதியாக நிற்கிறது. ஒரு நூலை இழுத்தால் அந்த இழுப்பு அக்கம்பக்கத்து நூல்களுக்கும் பரவுகிறது. கெவ்லார்த் துணியைப் பல அடுக்குகளாக வைத்தால், பாய்ந்து வரும் குண்டின் வேகம் ஒரே இடத்தில் நில்லாமல் எண்ணற்ற இழைகளுக்குப் பகிர்ந்து போய்விடுகிறது. வலையில் பந்து விழுவதுபோல் குண்டு சிக்கிக்கொள்கிறது. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு இது போதும். நீண்ட துப்பாக்கியின் குண்டைத் தடுக்க, பீங்கான் போன்ற கடினமான தகடுகளையும் சேர்க்க வேண்டும். நம் நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் தில்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கி 2024-இல் அறிவித்த 'அபேத்' என்ற இலகுவான அங்கியின் எடையே 8 கிலோவுக்கு மேல்! அதைச் சுமந்துகொண்டு வெயிலில் காவல் நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்ய 'தக்ஷ்' என்ற இயந்திரத்தையும் நம் விஞ்ஞானிகள் புனேயில் உருவாக்கியிருக்கிறார்கள். 2011-இல் அது இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சக்கரங்களில் ஓடும், படிக்கட்டு ஏறும், இயந்திரக் கையால் சந்தேகமான பொருளைத் தூக்கும், எக்ஸ்-ரே மூலம் உள்ளே இருப்பதைக் காட்டும், நீரை வேகமாகப் பீய்ச்சிக் குண்டின் இணைப்புகளைச் சிதைக்கும். இயக்குபவர் தொலைவில் பத்திரமாக இருப்பார். மாயாவியின் கை நிஜமாகவே வந்துவிட்டது என்று எங்களுக்குத் தோன்றியது. மனித உயிர் போகக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட இரும்புக் கை அது.

கவசமின்றி நின்றவர்கள்

ஆனால் நாம் தேடுவது கவசத்தை அன்று; வீரத்தை. அதைத் தேடியபோது எங்களுக்குக் கிடைத்த மூவரிடமும் கவசம் இல்லை.

முதலாமவர் கமலேஷ் குமாரி. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மகளிர் பிரிவில் காவலர். 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் தில்லியில் பாராளுமன்ற வாயிலில் பணியில் இருந்தார். உள்துறை அமைச்சகத்தின் வில்லை ஒட்டிய வெள்ளைக் கார் ஒன்று உள்ளே வந்தது. வில்லையைக் கண்டு மற்றவர்கள் ஏமாறலாம். அவருக்குச் சந்தேகம் தட்டியது. கையில் துப்பாக்கி இல்லை. தகவல் சொல்லும் வாக்கி டாக்கி மட்டுமே இருந்தது. கதவை மூட விரைந்தார். உரக்கக் குரல் எழுப்பி மற்றவர்களை எச்சரித்தார். பயங்கரவாதிகள் அவரைச் சுட்டுவீழ்த்தினார்கள். அந்தக் குரலால் காவலர்கள் விழித்துக்கொண்டார்கள். கட்டடத்தின் கதவுகள் அடைக்கப்பட்டன. 5 பயங்கரவாதிகளில் ஒருவரும் உள்ளே நுழைய முடியவில்லை. மறைவுக்குப் பின் அவருக்கு அசோக சக்கர விருது வழங்கப்பட்டது. அவர் தாயும் ஆவார்.

இரண்டாமவர் அஞ்சலி குல்தே. மும்பை காமா மருத்துவமனையில் செவிலியர். 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் மருத்துவமனைக்குள் புகுந்து சுடத் தொடங்கியபோது, அவர் பொறுப்பில் 20 கர்ப்பிணிப் பெண்கள் இருந்தார்கள். கனத்த கதவுகளை அடைத்துவிட்டு, அத்தனை பேரையும் ஒரு சிறு அறைக்குள் கொண்டுசேர்த்தார். ஒருவர் உயிரும் போகவில்லை. பின்னர் நீதிமன்றத்தில் நின்று குற்றவாளியை அடையாளமும் காட்டினார். ஓடி ஒளிந்திருந்தால் யார் அவரைக் குறை சொல்லியிருப்பார்கள்?

மூன்றாமவர் துக்காராம் ஓம்ப்ளே. மும்பைக் காவல் துணை உதவி ஆய்வாளர். அதே இரவில் கடற்கரைச் சாலையில், கையில் லத்தியோடு மட்டும் நின்றவர், சுட வந்தவனின் துப்பாக்கிக் குழலையே இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன. பிடியை மட்டும் அவர் விடவில்லை. உடன் இருந்த காவலர்கள் அப்பயங்கரவாதியை உயிரோடு பிடிக்க அதுவே வழிசெய்தது. அவருக்கும் அசோக சக்கர விருது வழங்கப்பட்டது. எது இரும்புக் கை என்று இப்போது சொல்லுங்கள்!

கர்ணனும் தாவீதும்

இதை நம் முன்னோர் அறிந்தே இருந்தார்கள். நம் மாவட்டத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். கர்ண மோட்சக் கூத்தை விடிய விடியப் பார்த்த பாட்டிமார் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கர்ணன் கவச குண்டலத்தோடு பிறந்தவன். ஆனால் துரியோதனன் பக்கம் நின்றான். கவசம் அவன் உடலைக் காத்தது. அவன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லித்தரவில்லை. கேட்டவனுக்கு அந்தக் கவசத்தையே அறுத்துக் கொடுத்தபோதுதான் கர்ணனை ஊர் கையெடுத்துக் கும்பிட்டது.

திருவிவிலியத்தில் தாவீதின் வரலாறு நாம் அனைவரும் அறிந்தது. கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட சிறுவனுக்கு அரசர் சவுல் தம் கவசத்தை அணிவித்தார். நடந்து பார்த்தான், பழக்கமில்லாததால் நடக்க இயலவில்லை. கழற்றி வைத்துவிட்டு, ஓடையிலிருந்து பொறுக்கிய 5 கூழாங்கற்களோடும் கவணோடும் சென்றான். கோலியாத்தோ தலை முதல் கால் வரை வெண்கலத்தால் மூடியிருந்தான். வெற்றி யாருக்கு என்பதைச் சிறு குழந்தையும் சொல்லும்.

நம் கையில் உள்ள மாயக்கை

இனி எங்கள் சம்பவத்துக்கு வருகிறோம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் மேலே எழுதிய அனைத்தும் பொய்யாகிவிடும்.

எங்களோடு மாலையில் டியூஷன் படித்த தோழி ஒருத்தி. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். ஓர் இரவு 9 மணி இருக்கும். எங்கள் டியூஷன் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. திருமண வீட்டில் எடுத்த அவளுடைய படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றால் வேறோர் உடலோடு பொருத்தியிருந்தார்கள். யாருக்கும் தெரியாத எண்ணிலிருந்து தொடங்கி, கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்திருந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? சிலர் சிரிப்புப் பொம்மையைப் போட்டோம். சிலர் "இது அவளா?" என்று கேட்டு வேறு தோழியருக்கு அனுப்பினோம். மற்றவர்கள் பேசாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படிக்கப் போனோம். "நிறுத்துங்கள்" என்று எழுத ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவளைக் கூப்பிட்டுப் பேசவும் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. 9 நாட்கள் வரவில்லை. பத்தாம் நாள் அவளுடைய அம்மா டியூஷனுக்கு வந்தார்கள். எங்களைத் திட்டுவார்கள் என்று எண்ணித் தலையைக் குனிந்துகொண்டோம். அவர்கள் திட்டவில்லை.

"ஒருத்தியாவது போன் பண்ணி, 'நாங்க இருக்கோம்டி'ன்னு சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

படக்கதையை மறுபடி படித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்துபோகும். கை மட்டும் வேலை செய்யும். கைப்பேசியைத் தொட்டதும் நமக்கும் அதே கதிதானே? முகம் மறைந்துவிடுகிறது, பெயர் மறைந்துவிடுகிறது, விரல் மட்டும் வேலை செய்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று திருடப் போன மாயாவிக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்தப் படத்தை அனுப்பிய எங்களுக்கும் என்ன வேறுபாடு? பயங்கரவாதி என்றால் எங்கோ கடலுக்கு அப்பால் இருப்பவன் என்று எண்ணியிருந்தோம். அந்த 9 நாட்களும் அவள் வீட்டில் குடியிருந்தது பயங்கரம்தான். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் 6 பேர் அவள் வீட்டுக்குச் சென்றோம். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டோம். அவள் வெகுநேரம் பேசவில்லை. அவளுடைய அம்மா தோசை வார்த்துப் போட்டார்கள். மூன்றாவது தோசைக்குப் பிறகுதான் அவள், "நோட்டைக் கொண்டுவந்தீங்களா? விட்டுப்போன பாடத்தை எழுதணும்" என்றாள். அவளுடைய பெற்றோர் முறைப்படி புகார் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்த செய்திகளை அழிக்காமல் ஆதாரமாகக் கொடுத்தோம். இக்கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: "'பாவம்' என்று என்னை எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்." எடுத்துவிட்டோம்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தத் தேடலில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை மற்றத் தோழியருக்காக எழுதுகிறோம். பெற்றோரும் கவனிக்க வேண்டுகிறோம்.

1. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஒருவருடைய அந்தரங்கத்தைக் கெடுக்கும் படத்தை எடுப்பது மட்டும் குற்றம் அன்று. அதைப் பரப்புவதும் குற்றமே. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படம் என்றால் சட்டம் மேலும் கடுமையானது. "எனக்கு வந்ததை அனுப்பினேன்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

2. சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பெண்களுக்கான உதவி எண் 181. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்கள் மற்றும் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் குறிப்பிடாமலும் அளிக்கலாம்.

3. இப்படிப்பட்ட படம் வந்தால் யாருக்கும் அனுப்பக்கூடாது. அனுப்பிய எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, உடனே பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ சொல்ல வேண்டும்.

4. எல்லாவற்றுக்கும் முன்னால், பாதிக்கப்பட்டவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். இப்படி ஒன்று நடந்தால், "நீ ஏன் படம் எடுத்துக்கொண்டாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். குவோலெக் நெய்த அங்கியில் ஓர் இழை தாங்கும் அடியை மற்ற இழைகள் பகிர்ந்துகொள்வது போல, வீட்டில் நீங்களும் பள்ளியில் நாங்களும் அந்த அடியைப் பகிர்ந்துகொண்டால் எந்தக் குண்டும் ஒருத்தியைத் துளைத்துவிடாது.

முடிவாக

கட்டுரையை எழுதி முடித்து சிஸ்டரிடம் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்கள். "சரி, என் கேள்விக்குப் பதில்?" என்றார்கள்.

"யாரும் பார்க்காதபோது கை என்ன செய்கிறதோ, அதில்தான் சிஸ்டர் வீரம் இருக்கிறது" என்றோம்.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கதையில் மாயாவி மாறிவிட்டான். நீங்கள் மாறியதை அடுத்த முறை அந்தக் கைப்பேசி ஒலிக்கும்போது தெரிந்துகொள்வோம்" என்றார்கள்.

தோழியரே, ஆண்டுதோறும் கார்த்திகையில் நம் ஊர் மலை உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். 2,668 அடி உயரத்தில் ஒரு கொப்பரைக்குள் அந்தத் தீ அடங்கி நிற்கிறது; சுற்று வட்டாரத்து ஊர்கள் எல்லாம் அதைப் பார்த்து மகிழ்கின்றன. அன்று கூடும் பல லட்சம் மக்களைக் கண்காணிப்புக் கேமராக்களும் டிரோன்களும் காவல் காக்கின்றன. அதே கேமரா நம் கையிலும் இருக்கிறது. அதே தீ நம் விரலிலும் இருக்கிறது. அதைக் கொப்பரைக்குள் வைத்து ஊருக்கு வெளிச்சம் தருவதா, அடுத்தவள் வீட்டுக் கூரையில் வைப்பதா என்பதை எந்த இரும்பு மனிதனும் வந்து நமக்காக முடிவு செய்ய மாட்டான்.

தகரப் பெட்டியிலிருந்து வந்த புத்தகங்களை வகுப்பு நூலக அலமாரியில் வைத்திருக்கிறோம். தாத்தா மகிழ்ச்சியோடு அனுமதி தந்துவிட்டார். வேண்டுபவர்கள் எடுத்துப் படிக்கலாம். படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி வையுங்கள்.